என் வயிற்றைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டது

என் கணவர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டு இரண்டு வருஷம் கழித்து என் வயிறு பெரிதாக ஆரம்பித்தது.

ஊரெல்லாம் முகாம் போட்டுக்கொண்டிருந்த அவசர நிலைக் காலத்தில் அவர் செய்துகொண்டார். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை, அவரே போனார். இரண்டு பெண் பிள்ளைகள் போதும் என்றார். "உன் உடம்புல எதுக்குக் கத்தி வைக்கணும், நானே பண்ணிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே கட்டிலில் படுத்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆம்பளை ஒருத்தர் அப்படிச் சொல்வது அந்த நாளில் சின்ன விஷயம் இல்லை. அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது அப்போதுதான்.

அவர் நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் செக்‌ஷனில் பெர்மனென்ட். எங்களுக்கு குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். பெரியவள் ஒன்பதாவது, சின்னவள் ஐந்தாவது. எழுபத்தெட்டாம் வருஷம் கோடை தொடங்கும்போது, சாப்பாட்டில் இரண்டு வாய் வைத்தாலே எனக்கு வயிறு முட்டிக்கொண்டது. பாவாடை நாடா இறுக்கிய தடம் இடுப்பில் சிவந்து கிடந்தது. அடிக்கடி சிறுநீர் கழிக்கப் பின்பக்கம் போய்வர வேண்டியிருந்தது. வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்தேன். பிறகு தீட்டு முன்னே பின்னே வந்தது, அப்புறம் வரவே இல்லை.

எனக்கே முதலில் தோன்றியது ஆபரேஷன் தப்பிப்போய்விட்டதோ என்றுதான். அப்படி நடப்பதுண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு காலையில் அவருக்குக் காபி கொடுக்கும்போது சொன்னேன்.

"ஏங்க, உங்க ஆபரேஷன் ஒழுங்காத்தான் பண்ணாங்களா? எனக்குத் தள்ளிப் போயிருக்கு."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். காபியை அப்படியே விட்டுவிட்டு ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனார்.

காடாம்புலியூரிலிருந்து ஒரு அம்மா கூடையில் பலாச்சுளை கொண்டுவருவார். எங்கள் தெருவுக்கு அவர் வந்தாலே எல்லாப் பெண்களும் வாசலுக்கு வந்துவிடுவோம். அந்த வாரம் அவர் கூடையை இறக்கிக்கொண்டே என்னைப் பார்த்து உரக்கக் கேட்டார்:

"எத்தினி மாசம் ஆவுதும்மா? சொல்லாம மறைச்சிகினு இருக்குறியே. வயித்தப் பாத்தா அஞ்சு மாசம் இருக்கும் போல."

சுற்றி நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் கணவர் ஆபரேஷன் செய்துகொண்டது அந்தத் தெருவுக்கே தெரியும். அவரே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருந்தார். இப்போது அந்தப் பெருமையே எனக்கு எதிர்சாட்சி ஆனது. பலாச்சுளை வாங்காமலே உள்ளே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் சின்னச் சின்ன மாற்றங்கள். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பையன் ஒருத்தன் அவருடைய செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்திருந்தான். கல்யாணம் ஆகாதவன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவன் வருவது நின்றுபோனது. "தம்பியைக் காணோமே?" என்று கேட்டேன்.

"ஏன், தேடுதோ?" என்றார்.

அந்த 'தேடுதோ'வில் இருந்தது எனக்கு அப்போதே பிடிபட்டிருக்க வேண்டும். பிடிபடவில்லை. ஷிப்டு நடுவில் சைக்கிளில் வீட்டுக்கு வர ஆரம்பித்தபோதும், ஏதோ மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். வருவார், அடுக்களை வரை நடந்து பார்ப்பார், தண்ணீர் குடிப்பார், போய்விடுவார். ஒரு நாள் முற்றத்துத் தொட்டியடியில் இரண்டு டம்ளர் கழுவாமல் கிடந்தன.

"யாரு வந்தா?"

"பக்கத்து வீட்டு அக்கா. காபி குடிச்சாங்க."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா பின்பக்க வேலி ஓரமாக என்னைக் கூப்பிட்டார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். மெதுவாகப் பேசத் தெரியாதவர் அன்று மெதுவாகப் பேசினார்.

"உங்க வீட்டுக்காரர் வந்து, இன்னிக்கு நான் உங்க வீட்டுல காபி குடிச்சேனான்னு கேக்கறாருங்க. குடிச்சேன்னு சொன்னேன். என்னங்க இது?"

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது. என் காது மடல் சுட்டது. அந்த அக்காவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலும் ஒரு கேள்வி இருந்தது. அதை அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து நானும் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவர் என்னைக் கவனிக்க, நான் அவரைக் கவனிக்க, வீட்டில் பிள்ளைகள் இருவரும் எங்களை மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரு ஆஃப் நாளில் கடலூர் போய்வந்தார். யூனியன் வேலை என்றார். யூனியன் வேலைக்கு யாரும் அவ்வளவு சுத்தமாகச் சவரம் செய்துகொண்டு போவதில்லை. இன்னொருத்தி இருக்கிறாளோ, அதை மறைக்கத்தான் என் மேல் பழியோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

அடுத்த நாள் மதியம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"கடலூர்ல ஒரு லேப்ல டெஸ்ட் பண்ணிட்டு வந்தேன்."

"யாருக்கு?"

"எனக்கு. ஆபரேஷன் சரியாத்தான் இருக்காம். எங்கிட்ட ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க." என் வயிற்றைக் காட்டினார். "அப்ப இது யாருது?"

நான் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்னவோ. முறத்தைப் பிடித்தபடியே, "எனக்கும் அதுதான் தெரியணும்" என்றேன்.

என் வயிற்றுக்குள் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது அவர் எழுந்த வேகத்தில் தெரிந்தது. ஸ்டூல் சாய்ந்தது. அடிக்கவில்லை. கதவைக் கூடச் சாத்தாமல் வெளியே போய்விட்டார்.

மறுநாளே டாக்டரிடம் காட்டக் கிளம்பினேன். டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை. க்யூவில் நிற்கிற பாதிப் பேர் எங்கள் பிளாக்காக இருப்பார்கள். கடலூரில் ஒரு லேடி டாக்டர் தனியாக கிளினிக் வைத்திருப்பதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். சின்னவளை அவரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். கூட்டம். வடலூரில் இன்னும் நெருக்கியது. குள்ளஞ்சாவடியில் ஏறிய ஒரு கிராமத்து அம்மா என்னைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்திருந்த ஆளை அதட்டினார்: "புள்ளத்தாச்சி நின்னுகினு வருது, பாத்துகினு இருக்குறியே, எழுந்திரிய்யா!" அவன் எழுந்தான். நான் உட்கார்ந்தேன். இல்லை என்று சொல்லிவிட்டு நிற்கும் அளவுக்கு உடம்பில் தெம்பு இல்லை.

லேடி டாக்டர் சிறுநீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். காத்திருந்தேன். கூப்பிட்டு, "கர்ப்பம் இல்லைம்மா" என்றார். என் உடம்பிலிருந்து ஏதோ இறங்கிப் போனது போல இருந்தது.

"அதை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க டாக்டர்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. எழுதிக் கொடுத்தார். பிறகு என்னைப் படுக்கச் சொல்லி வயிற்றை அழுத்தினார். விரலால் தட்டிப் பார்த்தார். ஒரு பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொல்லி மறுபடியும் தட்டினார். அவர் முகம் மாறியதை நான் பார்த்துவிட்டேன்.

"நாளைக்கு வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க."

"என்னன்னு எங்கிட்ட சொல்லுங்க டாக்டர். என் உடம்புதானே?"

"அவரைக் கூட்டிட்டு வாங்கம்மா, சொல்றேன்."

பேப்பரைக் கொண்டுவந்து என் கணவரிடம் கொடுத்தேன். படித்தார். மடித்தார். "லேடி டாக்டருங்க பொம்பளைங்க பக்கம்தான் எழுதுவாங்க" என்றார்.

"உங்களை வரச் சொன்னாங்க."

"எதுக்கு?"

"எனக்குச் சொல்ல மாட்டேன்னுட்டாங்க."

அதைக் கேட்டதும்தான் அவர் போவதென்று முடிவு செய்தார். பொய்யைப் பிடிக்கத்தான் போனார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. தனியாகப் போனார், என்னை வர வேண்டாம் என்றுவிட்டார்.

சாயங்காலம் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தவர் வேறு யாரோ மாதிரி நடந்து வந்தார். கையில் ஒரு பை நிறையச் சாத்துக்குடி. உள்ளே வந்து, "தண்ணி கிண்ணி குடிச்சியா?" என்றார். கல்யாணம் ஆன நாளாக அவர் என்னிடம் கேட்காத கேள்வி. அன்று சாப்பிட்ட தட்டை அவரே கழுவினார்.

கத்தினால் பதில் சொல்லலாம். சாத்துக்குடி உரித்துக் கொடுப்பவரிடம் என்ன சொல்வது? "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். "சின்னக் கட்டி. மெட்ராஸ்ல காட்டச் சொல்றாங்க" என்றார், சாத்துக்குடியைப் பார்த்துக்கொண்டே.

தந்தி போய், ஊரிலிருந்து என் அண்ணன் வந்து இறங்கினார். இரண்டு பேரும் கேட்டருகே நின்று பேசுவார்கள். நான் வாசலுக்கு வந்தால் பேச்சு மழை வருமா வராதா என்று மாறிவிடும். பேப்பரை என் கணவர் நம்பவில்லை, மெட்ராஸுக்குக் கொண்டுபோய்க் கலைத்துவிட்டு, அப்படியே அண்ணன் கூட ஊருக்கு அனுப்பிவிடப் போகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். அண்ணனையும் தன் பக்கம் இழுத்துவிட்டார், அதனால்தான் இந்தக் குசுகுசுப்பு.

"நான் வரலை" என்றேன். "இல்லாத பிள்ளையைக் கலைக்க எதுக்கு மெட்ராஸ் வரை போகணும்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "ஏட்டி, அப்படியெல்லாம் இல்லைட்டி" என்று ஆரம்பித்தவர், முடிக்க முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். எங்கள் அப்பா இறந்தபோது அழுததற்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்ததில்லை. கலைப்பதற்கு யாரும் அப்படி அழமாட்டார்கள். அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மெட்ராஸில் டாக்ஸி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கேட்டை நெருங்கும்போது, என் கணவர் என் பக்கத்து ஜன்னலில் சாய்ந்து, தெருவில் எதையோ காட்டுவது போல மறைத்தார். போர்டை மறைத்துவிட்டார். ஆனால் நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். என்னைப் படுக்க வைத்த கட்டிலின் போர்வை மூலையிலேயே ஆஸ்பத்திரியின் பெயர் முத்திரை குத்தியிருந்தது. அதில் புற்றுநோய் என்ற சொல் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் செங்கல்பட்டுப் பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார்.

"வெறும் கட்டிக்கும் இங்க வருவாங்களா?" என்று அவரிடம் கேட்டேன்.

"எங்க வூட்லயும் கட்டின்னுதாம்மா சொல்லிக் கூட்டியாந்தாங்க" என்றார்.

முதலில் ஊசி குத்தி வயிற்றிலிருந்து நீரை வடித்தார்கள். அவ்வளவு நீர் எனக்குள் இருந்ததா என்று நானே மிரண்டேன். பிறகு ஆபரேஷன். கண் விழித்தபோது, தொப்புளுக்கு மேலேயிருந்து கீழ் வரை கட்டு. கட்டியை எடுத்தாயிற்று என்றார்கள். எடுத்தாயிற்று என்றால் எதற்கு மாதா மாதம் ஊசி என்று யாரும் சொல்லவில்லை. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். என் கட்டிலின் இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் என் கணவர். "சாப்பிடறாங்களா?" என்று அவரைக் கேட்பார். "கொஞ்சம் சாப்பிடறாங்க சார்" என்று இவர் சொல்வார். நடுவில் நான் படுத்திருந்தேன். பிறகு இரண்டு பேரும் வராந்தாவுக்குப் போவார்கள். இவர் திரும்பி வரும்போது முகத்தைக் கழுவியிருப்பார்.

தட்டையான வயிற்றோடு நெய்வேலி திரும்பினேன். எங்கள் தெரு அதற்கும் ஒரு கதை வைத்திருந்தது. மெட்ராஸ் போய்க் கலைத்துவிட்டு வந்துவிட்டாள் என்று. முதல் ஊசிக்குப் பிறகு முடி கொட்டியது. செய்த பாவம் என்று ஒரு பெண் சொன்னதாகப் பெரியவள் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாள். உண்மையைச் சொல்லி வாயை அடைத்திருக்கலாம். என் கணவர் சொல்லவில்லை. பெண் பிள்ளைகளின் கல்யாணத்தை நினைத்து மறைத்தாரோ, வாயில் வராமல்தான் இருந்தாரோ, எனக்குத் தெரியாது. எப்படியோ, கெட்டுப்போனவள் என்ற பெயரோடு நான் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு பால் டிப்போவுக்குப் போய்வந்தேன்.

என் கணவரின் அக்கா ஊரிலிருந்து வந்தார். எனக்கு உதவிக்கு என்றார்கள். வந்தவர் முதல் வேலையாகப் பெரியவளுக்குக் குழம்பு வைக்கக் கற்றுக்கொடுத்தார். என் பீரோவில் சேலைகளை வகை வகையாகப் பிரித்து மடித்துவைத்தார். ஒரு நாள் நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு தம்பியிடம் சொன்னது காதில் விழுந்தது: "பின்ன என்ன செய்ய? பிள்ளைகளுக்கு ஒரு ஆளு வேணும்லா."

அவர் சொன்ன பதில் காதில் விழவில்லை. அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து அவரிடம் போனேன்.

"எனக்கு எத்தனை நாள்னு சொன்னாங்க?"

"என்ன எத்தனை நாள்?"

"உங்களுக்குத் தெரியும். உங்க அக்காவுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஊசிக்கு மெட்ராஸ் போனபோது, பெரிய டாக்டரின் அறையில் ஒரு இளம் லேடி டாக்டர் இருந்தார். முப்பதுக்குள்தான் வயது இருக்கும். என் கணவர் வழக்கம்போலப் பேச ஆரம்பித்தார். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார், நான் இவங்ககிட்ட பேசணும்" என்றார். இவர் தயங்கித் தயங்கிப் போனார். டாக்டர் கதவைச் சாத்தினார்.

"என்ன நடந்துட்டிருக்குன்னு உங்களுக்கு எவ்வளவு தெரியும்மா?" என்று கேட்டார்.

இத்தனை மாதத்தில் யாரும் கேட்காததை இவர் ஏன் கேட்கிறார்? அவர் கையில் பேனா இருந்தது, எதிரே தாள் இருந்தது.

"என்ன எழுதறீங்க?"

"இந்த நோய் வந்த பெண்கள்ல யார் ரொம்ப நாள் நல்லா இருக்காங்க, யார் இல்லை, அது ஏன்னு ஆராய்ச்சி பண்றேன். அவங்களுக்கு என்ன சொன்னாங்க, அவங்களுக்கு என்ன வேணும்னும் கேட்டு எழுதறேன்."

"என்னை வெச்சுப் படிக்கிறீங்க."

"ஆமா" என்றார். "உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா எழுதலை. ட்ரீட்மென்ட்ல ஒரு குறையும் வராது."

இல்லைம்மா, அப்படியெல்லாம் இல்லைம்மா என்று மழுப்பியிருந்தால் எழுந்து போயிருப்பேன். அவர் ஆமா என்றார். பல மாதத்தில் என்னிடம் யாரோ சொன்ன முதல் நேரான பதில் அது. பேனாவையும் மூடி வைத்துவிட்டார்.

"எனக்கு கேன்சர்தானே?"

"ஆமா. சினைப்பையில. கர்ப்பப்பைக்கு ரெண்டு பக்கமும் சின்னதா இருக்கும், முட்டை உண்டாகிற இடம். அதுல வந்து, வயித்துக்குள்ள நீர் கட்டியிருந்தது. கண்ணுக்குத் தெரிஞ்சதை எல்லாம் எடுத்துட்டாங்க. கண்ணுக்குத் தெரியாதது இருக்கலாம். அதுக்குத்தான் ஊசி."

"எத்தனை நாள் இருப்பேன்?"

"உங்க வீட்டுக்காரர்கிட்ட ஆறு மாசம், மிஞ்சினா ஒரு வருஷம்னு சொல்லியிருக்காங்க." என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். "பொய்யில்லை. ஆனா அது உங்களைப் பத்தின கணக்கும் இல்லை. நிறையப் பேரோட கணக்கை ஒண்ணாச் சேர்த்துச் சொல்ற பேச்சு. சிலர் அதுக்கு முன்னாடியே போயிடறாங்க. சிலர் வருஷக்கணக்கா இருக்காங்க. உங்களுக்குக் கண்ணுக்குத் தெரிஞ்ச கட்டி எல்லாம் எடுத்ததுனால கொஞ்சம் நம்பிக்கை கூட. நீங்க எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது."

தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த வார்த்தையைக் கேட்டதும், கொஞ்சம் கூட அழகில்லாத அழுகை ஒன்று எனக்கு வந்தது. மூக்கெல்லாம் ஒழுக அழுதேன். அவர் அவசரப்படுத்தவில்லை. முடிந்ததும், "உங்களுக்கு இப்ப என்ன வேணும்?" என்று கேட்டார்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. ஊசி போட்ட பிறகு மெட்ராஸிலிருந்து பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே வரமுடியவில்லை. பெரியவளின் பரீட்சை வாரத்தில் நான் படுத்துக்கிடக்கக் கூடாது. அப்புறம், என்ன சொன்னாலும் எனக்கும் அவருக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பாண்டிச்சேரியில் தெரிந்த டாக்டர் ஒருவருக்கு எழுதி ஊசியை அங்கே போட ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். பரீட்சை வாரத்துக்கு ஏற்ப நாளை மாற்றிக் குறித்தார். பிறகு கதவைத் திறந்து என் கணவரைக் கூப்பிட்டு, எனக்குச் சொன்னதை எல்லாம் திரும்ப ஒரு தடவை, அதே வார்த்தைகளில் சொன்னார். ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

என் கணவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கப் போகும் நேரத்தில், "முன்னாடியே வந்திருந்தா டாக்டர்? ஒரு ரெண்டு மூணு மாசம் முன்னாடி?" என்று கேட்டார்.

டாக்டருக்கு எங்கள் கதை தெரியாது. "முன்னாடி வந்திருந்தா நல்லதுதான். எவ்வளவு நல்லதுன்னு சொல்ல முடியாது" என்றார்.

அவர் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்காகக் கேட்டாரா, தனக்காகக் கேட்டாரா என்று நான் யோசித்தேன். அந்த நேரத்திலும் எனக்கு அப்படித்தான் யோசிக்கத் தோன்றியது.

திரும்பும் வழியில் திண்டிவனத்தில் பஸ் நின்றது. டீ வாங்கிவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், "அன்னைக்கு நான் உன்னைக் கேட்டது..." என்றார்.

"சொல்லி முடிங்க."

அவரால் முடியவில்லை. நானும் எடுத்துக்கொடுக்கவில்லை. பஸ் கிளம்பியது.

ஆனால் அதற்குப் பிறகு செய்ததைச் சொல்லிவிட வேண்டும். அந்த வாரமே தன் அக்காவை ரயிலேற்றி ஊருக்கு அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர்ப் பக்கத்துப் பையனைத் தானே போய் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துச் சாப்பாட்டுக்குக் கூட்டிவந்தார். தனக்கு ஒன்றும் தெரியாது என்பது போல அவன் குனிந்து குனிந்து சாப்பிட்டான். மறுநாள் காலை பால் டிப்போ க்யூவில் நின்று, யாரோ "வீட்டுல எப்படி இருக்காங்க?" என்று இழுத்துக் கேட்டதற்கு, "கேன்சர். ஆபரேஷன் பண்ணியிருக்கோம். ஊசி போடறோம். வேற எதுவும் கேக்கணுமா?" என்று உரக்கச் சொன்னாராம். பக்கத்து வீட்டு அக்கா வந்து சொன்னார். சொல்லும்போது அழுதார். என் வீட்டில் காபியும் குடித்தார். அதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன், ஏனென்றால் செய்தி பரவிய பிறகு, எங்கள் வீட்டு டம்ளரில் வாய் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து நாலைந்து வீட்டார் வாசலோடு நின்றுகொண்டார்கள். முன்பு ஒழுக்கத்துக்காக விலகினார்கள், இப்போது நோய்க்காக விலகினார்கள்.

ஆறு மாதம் போனது. ஒரு வருஷமும் போனது. செங்கல்பட்டு அம்மாவை இரண்டாவது செக்கப்புக்குப் பிறகு நான் பார்க்கவில்லை. கேட்டதற்கு மெட்ராஸின் அந்த இளம் லேடி டாக்டர் மறைக்காமல் சொன்னார். ஒவ்வொரு செக்கப்புக்கும் முந்தின வாரம் என் வயிற்றை நானே அழுத்திப் பார்ப்பேன். கொஞ்சம் கூடச் சாப்பிட்டு உப்பினாலும் சந்தேகம். என் கணவர் மறைக்கிறாரோ, டாக்டர் மறைக்கிறாரோ என்று இருந்த பழைய சந்தேகம் போய், என் உடம்பே என்னிடம் மறைக்கிறதோ என்று வந்தது. அது இன்றுவரை போகவில்லை.

என் கணவரை மன்னித்தேனா என்று சின்னவள் வளர்ந்த பிறகு ஒரு தடவை கேட்டாள். அவர் மேல் எனக்கு அன்பு இருந்தது. அவர் ஷிப்டு முடிந்து வராத நாளில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனால் அவர் என் தோளைத் தாண்டி அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தால், தண்ணீருக்காகத்தான் பார்த்தாலும், என் முதுகு விறைத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தேதான் இருந்தன என்று சொன்னேன்.

பெரியவளுக்கு வந்த முதல் வரன், அம்மாவுக்கு இந்த நோய் என்று தெரிந்ததும் நின்றுபோனது. அடுத்து வந்தவர்களிடம் பெண் பார்க்கும்போதே சொல்லிவிட்டோம். மாப்பிள்ளையின் அம்மா என்னை அருகில் உட்கார்த்திவைத்து எல்லாம் விசாரித்தார். எண்பத்தைந்தில் கல்யாணம் நடந்தது. அந்த வருஷ செக்கப்பில் லேடி டாக்டரிடம் கேட்டேன், நான் மட்டும் ஏன் பிழைத்தேன் என்று. அவருக்குக் காதோரம் நரைத்திருந்தது.

"ஒரு பாதி காரணம் சொல்லலாம். மீதி எனக்கு இன்னும் தெரியலைம்மா. அதனாலதான் இன்னும் உங்களை எல்லாம் கேட்டுட்டிருக்கேன்."

அந்தக் காலகட்டத்தில்தான் பெண்கள் என்னிடம் வர ஆரம்பித்தார்கள். மதியம், ஆண்கள் ஷிப்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, பின்பக்கமாக வருவார்கள். வயிறு உப்புகிறது, பசியில்லை, தீட்டு நிற்கவில்லை என்று ஆளுக்கொன்று. பெரும்பாலும் ஒன்றுமில்லாததாக இருக்கும். டாக்டரிடம் கூட்டிப்போவேன். "அவ வீட்டுக்கு வந்தாலே ஆஸ்பத்திரிதான்" என்று எனக்கு ஒரு பெயரும் வந்தது. சில வீட்டு ஆண்கள் என்னைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஒரு ஐப்பசி மாதத்தில் வேறு பிளாக்கிலிருந்து ஒரு பெண் வந்தாள். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள். சேலையைத் தளர்த்திக் கட்டியிருந்தாள். அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. அவள் புருஷன் கூடவே வந்திருந்தான், ஆனால் கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் அவளை எதற்கோ தூண்டிவிடப் போகிறேன் என்பது போலப் பார்த்தான்.

"நீங்களும் உள்ள வாங்க தம்பி" என்றேன்.

"பொம்பளைங்க சமாச்சாரம். நீங்க பேசுங்க."

"வாங்க. உங்களுக்குத் தனியா ஒண்ணு, அவளுக்குத் தனியா ஒண்ணு சொல்ல எங்கிட்ட எதுவும் இல்லை."

சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்தான். அவள் பக்கத்தில் உட்காராமல் கதவை ஒட்டி உட்கார்ந்தான். அவள் ரொம்ப நேரம் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"இது அதுவா இருந்தா பொழைச்சுக்குவேனாக்கா?"

"எனக்குத் தெரியாதும்மா. அதுதானான்னே இன்னும் தெரியாது. நாளைக்குப் பாண்டிச்சேரிக்குப் போய்க் காட்டிட்டு வருவோம், மூணு பேருமா" என்றேன்.

அவள் புருஷன் தனக்கு நாளைக்கு ஜெனரல் ஷிப்டு என்றான். அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். லீவு சொல்லிவிட்டு வருவதாகச் சொன்னான். நான் காபி போட உள்ளே போனேன்.